யா எவ்வளவு?

அரசியல், சினிமா, அடுத்த வீட்டுச் சண்டை எதுவும் இந்த வாரம் கிடையாது. எட்டாம் வகுப்பில் 'ஒரு மாறியில் அமைந்த நேரியல் சமன்பாடு' என்று ஒன்று வருமே, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். பழைய பகை போலிருக்கிறது.

மாணவி, மன்னார்குடி: தெரியாத எண்ணுக்கு ஏன் எப்போதும் எக்ஸ்? வேறு எழுத்தே கிடைக்கவில்லையா?

பிரெஞ்சுக்காரரான தெகார்த் செய்த வேலை. 1637இல் வெளியான தன் வடிவியல் நூலில், தெரிந்த எண்களுக்கு அவர்கள் அரிச்சுவடியின் முதல் எழுத்துகளையும் தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளையும் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஐந்நூறு வருடம் முன்னாலேயே நம் பாஸ்கரர், தெரியாத எண்ணை 'யாவத் தாவத்', அதாவது 'எவ்வளவோ அவ்வளவு' என்று சொல்லி, அதைச் சுருக்கி 'யா' என்று எழுதினார். இன்னொரு தெரியாத எண் வந்தால் கறுப்பு, மூன்றாவது வந்தால் நீலம். ரசனையான மனிதர்.

தமிழில் யார், யாது, யாவை எல்லாம் கேள்வி கேட்பதும் இந்த 'யா'வை வைத்துத்தான். எனவே இந்தப் பக்கம் முழுக்க எக்ஸுக்கு விடுமுறை. 'யா'தான் டியூட்டி.

தகப்பனார், திருச்சி: 'நேரியல்' என்றால் என்ன சார்?

யா ஒற்றை ஆளாக வருவது. யாவை யாவாலேயே பெருக்கிவிட்டால் அது வேறு தெரு. வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு வரும், அதனால் அந்தப் பெயர். கோடு வளைந்தால் அடுத்த வகுப்பு.

மாணவன், பரமக்குடி: "அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸாகும்" என்கிறார் எங்கள் சார். ஏன் ஆகிறது என்று கேட்டால் "ஆகும், போட்றா" என்கிறார்.

எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சமக்குறி ஏதோ செக்போஸ்ட் மாதிரியும், தாண்டும்போது சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மாதிரியும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் எந்தப் பக்கமும் போவதில்லை தம்பி.

பழைய மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள். இடது தட்டில் ஒரே எடையுள்ள மூன்று புளிப் பொட்டலம், கூடவே ஒரு 200 கிராம் கல். வலது தட்டில் ஒரு கிலோ கல் ஒன்று, 200 கிராம் கல் இரண்டு. முள் நட்டநடுவில் நிற்கிறது. ஒரு பொட்டலத்தின் எடை யா என்றால்,

3யா + 200 = 1400

இடது தட்டில் இருக்கும் 200 கிராம் கல்லை எடு. என்ன ஆகும்? வலது தட்டு 'டங்'கென்று கீழே போகும். முள்ளை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர என்ன செய்வாய்? வலது தட்டிலிருந்தும் ஒரு 200ஐ எடுப்பாய். இப்போது 3யா = 1200. பார்த்தாயா? இடது பக்கக் கல் வலது பக்கம் தாவவே இல்லை. அதை எடுத்து மேசையில் வைத்தோம். வலது பக்கம் நீ எழுதிய 'மைனஸ் 200', அங்கே தனியாக எடுத்த இன்னொரு கல். நடுவில் இந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்பட்டவர்கள்தான் 'அந்தப் பக்கம் போனால் மாறும்' என்று சுருக்கிவிட்டார்கள்.

சுருக்கு வழி தப்பில்லை. ஆனால் தராசைப் பார்க்காமல் சுருக்கை மட்டும் பிடித்துக்கொண்டவன், 5யா = 20 என்று பார்த்ததும் 5ஐத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, குறியை மாற்றி, யா = 20 − 5 = 15 என்பான். ஐந்து பொட்டலம் சேர்ந்து 20 என்றால் ஒரு பொட்டலம் எப்படி 15 ஆகும்? இங்கே 5 கூட்டலில் வந்தவர் இல்லை, பெருக்கலில் வந்தவர். அவரை வகுத்துத்தான் அனுப்ப வேண்டும், அதுவும் இரண்டு தட்டிலும். யா = 4.

இன்னும் ஒருவன் −3யா = 12இல் மைனஸைப் பார்த்ததும் பதறி, அந்தப் பக்கம் பிளஸாக்கி, 12 + 3 = 15 என்பான். அந்த மைனஸ் 3இன் மேல் ஒட்டியிருக்கும் மச்சம். அது 3ஐ விட்டுப் பிரியாது. இரண்டு பக்கமும் −3ஆல் வகுத்தால் யா = −4.

சாரிடம் இதைக் காட்ட வேண்டாம். கோபித்துக்கொள்வார்.

ஆசிரியை, தூத்துக்குடி: 2(யா − 3) = 10 என்று கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் 2யா − 3 = 10 என்று எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

கல்யாணப் பந்தியைச் சொல்லுங்கள். அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2தான் பரிமாறுகிறவர். உள்ளே உட்கார்ந்திருக்கும் எல்லா இலைக்கும் போட வேண்டும். முதல் இலைக்குச் சோறு போட்டுவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போனால் சம்பந்தி சண்டைக்கு வருவார். 2யா − 6 = 10. யா = 8.

அதே ஆசிரியை: இன்னொரு தொல்லை. 3யா + 5 = 20 = 20 − 5 = 15 = 5 என்று ஒரே வரியில் ரயில் விடுகிறார்கள்.

20ம் 15ம் சமம், 15ம் 5ம் சமம் என்று எழுத்துமூலம் தருகிற பிள்ளையிடம் உடனே கைமாற்று வாங்கிவிடுங்கள். இருபது வாங்கி ஐந்தைத் திருப்பினால் கணக்குத் தீர்ந்தது.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. கால்குலேட்டரில் அந்தக் குறியை அழுத்தினால் விடை வருகிறது. ஆகவே சமக்குறி என்றால் 'விடையை எடுத்துவிடு' என்று அர்த்தம் பழகிவிட்டது. அதைக் கண்டுபிடித்த ராபர்ட் ரெக்கார்ட் அப்படி நினைக்கவில்லை. வேல்ஸ் நாட்டுக்காரர். 1557இல் எழுதிய புத்தகத்தில், 'சமம்', 'சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இதைவிடச் சமமான இரண்டு பொருளைக் காட்டமுடியாது என்பது அவர் சொன்ன காரணம். பாவம், அவதூறு வழக்கு ஒன்றில் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டமுடியாமல் மறு வருடமே சிறையில் செத்துப்போனார்.

வரிக்கு ஒரு சமக்குறி. ஒன்றின் கீழ் ஒன்றாகச் சமக்குறிகள் தூண் மாதிரி நிற்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி மதிப்பெண் வந்துவிடும்.

வாசகர், யாழ்ப்பாணம்: நாங்கள் அட்சரகணிதம் என்கிறோம். தமிழ்நாட்டில் இயற்கணிதம் என்கிறீர்கள். எது பொருத்தம்?

எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துக் கணக்குப் போடுவதால் உங்கள் பெயர் காரணத்தோடு இருக்கிறது. எங்கள் பெயர் கேட்க நன்றாயிருக்கிறது.

உலகம் சொல்லும் 'அல்ஜீப்ரா' இரண்டையும்விடச் சுவாரசியம். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்து உருவான சொல். 'அல்ஜப்ர்' என்றால் குறைபட்டதைச் சேர்த்துப் பழையபடி ஆக்குவது. உடைந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அரபியில் அதே சொல்தான். ஸ்பெயினில் 'அல்கெப்ரிஸ்தா' என்றால் எலும்பு வைத்தியர். 'டான் குவிக்ஸாட்' நாவலில்கூட ஒருவர் வந்து அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுகிறார். நம் பக்கத்துப் பாஷையில் சொன்னால், அல்ஜீப்ரா என்பது புத்தூர்க் கட்டு.

யா − 7 = 5 என்பதைப் பாருங்கள். இடது பக்கம் ஏழு அளவுக்கு உடைந்து கிடக்கிறது. அந்த ஏழைத் திருப்பிக் கொடுத்தால் யா முழுசாக எழுந்து உட்காரும். ஒரு பக்கம் கொடுத்ததை இன்னொரு பக்கமும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். யா = 12.

கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்: பள்ளிக்கூடமே போகாத என் பாட்டி, நூறு புறா விடுகதைக்கு விடை சொல்வார். சமன்பாடு தெரியாமல் எப்படிப் போட்டார்?

கேட்டுவைத்திருக்கலாமே! என் ஆச்சி போட்ட வழியைச் சொல்கிறேன். உங்கள் பாட்டியும் ஏறக்குறைய அப்படித்தான் போட்டிருப்பார்.

கதை தெரியாதவர்களுக்கு: மரத்தில் உட்கார்ந்திருக்கும் புறாக்களைப் பார்த்து ஒரு வேடன், "நீங்கள் நூறு பேரா?" என்கிறான். ஒரு புறா சொல்கிறது: நாங்கள் இருக்கிற அளவு, இன்னும் அதே அளவு, எங்களில் பாதி, அந்தப் பாதியில் பாதி, கடைசியில் உன்னையும் சேர்த்தால்தான் நூறு. மரத்தில் எத்தனை புறா?

நீங்கள் கல்லூரி என்பதால் இப்படி எழுதுவீர்கள்:

யா + யா + யா/2 + யா/4 + 1 = 100

வேடனை இரண்டு பக்கமும் கழித்தால் 99. பின்னத்தை ஒழிக்க எல்லாவற்றையும் நாலால் பெருக்கினால் 11யா = 396. யா = 36.

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே போட்டது வேறு. "முதல்ல வேடனைத் தள்ளு. தொண்ணூத்தொம்பது. இப்ப பாதியும் காலும் உடையாம வரணும். அதுக்கு நாலு புறான்னு வச்சுக்க." நாலு, இன்னொரு நாலு, பாதி இரண்டு, அதில் பாதி ஒன்று. மொத்தம் பதினொன்று. "தொண்ணூத்தொம்பதுல பதினொண்ணு எத்தனை தடவை?" ஒன்பது தடவை. "அப்ப நாலொம்பது முப்பத்தாறு." வெற்றிலை வாய்க்குள் போவதற்குள் விடை வந்துவிட்டது.

தெரிந்தே ஒரு தப்பான விடையை வைத்துக்கொண்டு, அது எத்தனை மடங்கு குறைகிறது என்று பார்த்துச் சரியான விடையைப் பிடிப்பது. ஆச்சிக்கு மூவாயிரத்து ஐந்நூறு வருடம் முன்னால், கி.மு. 1550 வாக்கில், அஹ்மஸ் என்ற எகிப்திய எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் இதே வேலையைச் செய்திருக்கிறார். ரிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858இல் லக்ஸரில் வாங்கிய சுருள் அது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு குவியலும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. குவியல் எவ்வளவு? ஏழில் ஒன்று உடையாமல் வரவேண்டும் என்பதால் அஹ்மஸ் 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் ஒன்றும் எட்டு. வேண்டியது 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, ஏழையும் அத்தனை மடங்காக்குகிறார்.

விடையைப் பள்ளிப் பிள்ளை 16.625 என்று எழுதும். எகிப்தியர்கள் பின்னத்தை அரை, கால், எட்டில் ஒன்று என்று உடைத்துத்தான் எழுதுவார்கள். அஹ்மஸ் எழுதியது: 16, அரை, எட்டில் ஒன்று. எட்டில் ஒன்றுக்கு நம் வாய்ப்பாட்டில் பெயர் இருக்கிறது, அரைக்கால். ஆக, பதினாறே அரையே அரைக்கால். என் ஆச்சிக்கு அந்தச் சுருளை வாசித்துக் காட்டியிருந்தால் மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆச்சி வேடனை முதலில் தள்ளியது சும்மா இல்லை. அவனை உள்ளே வைத்துக்கொண்டே நாலு என்று ஆரம்பித்தால் மொத்தம் 12 வரும். நூறை அதால் வகுத்துப் போனால் மரத்தில் முப்பத்து மூன்றே மூன்றில் ஒரு புறா உட்கார்ந்திருக்கும். புறாக்கள் மடங்காகும்போது கூடவே வேடனும் மடங்காகிவிடுவான். அவன் எப்போதும் ஒரே ஆள்தானே? மாறுகிறதையும் மாறாததையும் பிரித்துவைப்பது ஆச்சிக்குத் தெரிந்திருந்தது.

மாணவி, நாகர்கோவில்: இரண்டு பக்கமும் யா இருந்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஆரியபடருக்கு நடுங்கவில்லை. 499இல், இருபத்து மூன்று வயதில், ஒரே ஒரு செய்யுளில் முடித்துவிட்டார். இரண்டு பேரிடம் ஒரே மதிப்புள்ள சொத்து இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் பொருள், கொஞ்சம் ரொக்கம். ரொக்கத்தின் வித்தியாசத்தைப் பொருள்களின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு பொருளின் விலை என்றார். 4யா + 80 = 7யா + 20 என்று வைத்துக்கொள். ரொக்க வித்தியாசம் 60. பொருள் வித்தியாசம் 3. யா = 20. இரண்டு பக்கமும் 160 வருகிறதா பார். வருகிறதல்லவா? நடுக்கம் போய்விட்டதா?

ஜவுளி வியாபாரி, ஈரோடு: இதெல்லாம் கல்லாப்பெட்டிக்கு உதவுமா?

உங்கள் கடைக்குத்தான் முதலில் உதவும். 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சேலை 960 ரூபாய். பழைய விலை என்ன? கடைப் பையன் 960க்கு 20 சதவீதம் 192 என்று கூட்டி, 1,152 என்பான். தப்பு. தள்ளுபடி கொடுத்தது பழைய விலையில், 960இல் இல்லை. யாவில் 80 சதவீதம்தான் 960. யா = 1,200. சேலைக்கு 48 ரூபாய் வித்தியாசம்.

ஜிஎஸ்டியிலும் இதே குழி. 18 சதவீத வரியோடு 1,180 ரூபாய் என்றால் வரிக்கு முந்தைய விலை 1,000. அந்த 1,180இல் 18 சதவீதத்தைக் கழிக்கிறவர் 967 ரூபாய் 60 காசு என்று எழுதிக்கொண்டு, ஆடிட்டர் வரும்வரை நிம்மதியாக இருப்பார்.

தாய், சேலம்: மகன் நாலு தேர்வில் 62, 70, 58, 75 வாங்கியிருக்கிறான். ஐந்தாவதில் எவ்வளவு எடுத்தால் சராசரி 80 வரும்?

இதுவரை மொத்தம் 265. ஐந்து தேர்வுக்கு 80 வீதம் 400 வேண்டும். 265 + யா = 400. யா = 135. சமன்பாடு கூசாமல் விடை சொல்லிவிட்டது. நூற்றுக்கு நூற்று முப்பத்தைந்து போட எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் கை வராது. 70 போதும் என்று இறங்கி வாருங்கள். அப்போது அவன் 85 எடுத்தால் போதும். அதற்கே பிரியாணி வாங்கித் தர வேண்டியிருக்கும்.

மாணவன், காரைக்குடி: அப்பாவுக்கு 44, அக்காவுக்கு 20. எத்தனை வருடம் கழித்து அப்பா வயது அக்கா வயதைப் போல மூன்று மடங்காகும்? எனக்கு மைனஸ் 8 வருகிறது. கணக்கு தப்பா?

கணக்கு சரி, கேள்விதான் திரும்பி நிற்கிறது. 44 + யா = 3(20 + யா). யா = −8. மைனஸ் எட்டு வருடம் கழித்து என்றால் எட்டு வருடத்துக்கு முன்னால். அப்போது அப்பாவுக்கு 36, அக்காவுக்கு 12. மூன்று மடங்கு சரியாக இருக்கிறது. மூன்று மடங்கு ஆகப்போவதில்லை, ஆகி முடிந்துவிட்டது என்று அந்தச் சின்னக் கோடு சொல்கிறது.

பயந்தது நீ மட்டும் இல்லை. கிரேக்க மேதை டயோபாண்டஸ், மைனஸ் விடை வரும் சமன்பாடு ஒன்றை அபத்தம் என்றே ஒதுக்கிவிட்டார். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் அதைக் கடன் என்று சொல்லிப் புரியவைத்தார். கடன் நமக்கு அந்நியமா என்ன?

தம்பி, விழுப்புரம்: நான் எப்போது அண்ணன் வயதை எட்டுவேன்?

உனக்கு 12, அண்ணனுக்கு 14 என்று வைத்துக்கொண்டால், 12 + யா = 14 + யா. இரண்டு பக்கமும் யாவை எடுத்தால் 12 = 14 என்று மிஞ்சும். தீர்வே இல்லாத சமன்பாடு. கடைசி வரை அண்ணன் சட்டைதான்.

நீங்கள் இரட்டையர்களாக இருந்தால் 12 + யா = 12 + யா. எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். அதற்கு முற்றொருமை என்று பெயர்.

பயணி, சென்னை: ஆட்டோக் கட்டணம் நேரியல் சமன்பாடா?

காகிதத்தில் ஆமாம். 2013இல் அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஆக 25 + 12யா = 85 என்றால் யா = 5, மொத்தம் 6.8 கிலோமீட்டர் போயிருக்கிறீர்கள். ரோட்டில் மழை, திருவிழா, டிரைவரின் மனநிலை என்று மாறிகள் ஒன்றுக்கு மேல் இருப்பதால் இந்தப் பாடத்தில் வராது.

மாணவன், மதுரை: செல்போனில் படம் எடுத்தால் விடை வந்துவிடுகிறதே. நான் ஏன் போட வேண்டும்?

புறா கதையில் சமன்பாட்டை எழுதியது யார்? அதுதான் வேலை. அதற்குப் பிறகு வருவது கூலி வேலை, போனே செய்யட்டும். ஆனால் அது கொடுத்த விடையை யாவின் இடத்தில் வைத்து இரண்டு தட்டும் சமமா என்று நீ பார்க்க வேண்டும். கணக்கில் மட்டும்தான் விடை சரியா என்று ஆசிரியரைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். வரலாற்றில் அந்த வசதி கிடையாது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்: வீட்டில் உட்கார்ந்து போட ஒரு கணக்குக் கொடுங்கள்.

அபத்தம் என்றாரே டயோபாண்டஸ், அவர் கல்லறை வாசகம் என்று பழைய கிரேக்கப் புதிர்த் தொகுப்பில் இருக்கிற கணக்கு. ஆயுளில் ஆறில் ஒரு பங்கு பிள்ளைப் பருவம். மேலும் பன்னிரண்டில் ஒரு பங்கு போனதும் தாடி முளைத்தது. அதற்குப் பிறகு ஏழில் ஒரு பங்கு கழித்துக் கல்யாணம். கல்யாணமாகி ஐந்தாம் வருடம் மகன் பிறந்தான். அப்பா வாழ்ந்ததில் சரிபாதி காலமே அந்த மகன் வாழ்ந்தான். மகன் போய் நாலு வருடத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அவர் வயது எவ்வளவு?

ஐந்தையும் நாலையும் வேடனைப் போல முதலில் ஒதுக்கிவையுங்கள் ஐயா. விடை சரியா என்று கேட்டு எனக்குக் கார்டு போட வேண்டாம். வந்த எண்ணை யாவின் இடத்தில் வைத்துப் பாருங்கள்.